சஸ்பென்ஷன் மேம்பாட்டுக்குக் கூலி: மணிக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்ப்போம்

புதிய ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் வாங்கி வைத்துக்கொண்டு, பொருத்திக் கொடுக்க எவ்வளவு ஆகும் என்று மூன்று ஒர்க்‌ஷாப்பில் விசாரித்துப் பாருங்கள். மூன்று தொகை வரும். குறைந்ததற்கும் கூடியதற்கும் இரண்டு மடங்கு வித்தியாசம் இருப்பது சாதாரணம். வண்டி ஒன்றுதான், பொருளும் ஒன்றுதான் என்பதால், அதிகம் சொன்னவர் அநியாயத்துக்குக் கேட்கிறார் என்று தோன்றும். குறைவாகச் சொன்னவரிடம் வண்டியை விட்டுவிடுவோம். நானும் முதல் தடவை அப்படித்தான் விட்டேன். எட்டு மாதத்தில் முன்பக்க லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க் கை வண்டியின் சட்டத்தோடு சேரும் இடத்திலுள்ள ரப்பர்) இரண்டும் கிழிந்துவிட்டன. அவற்றை மாற்றக் கூலி, அதன்பின் மறுபடியும் வீல் அலைன்மென்ட் என்று கணக்கு ஏறி, முதலில் அதிகம் சொன்னவர் கேட்ட தொகையைத் தாண்டிப் போயிற்று.

புஷ் ஏன் கிழிந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அந்தக் காரணம் தெரிந்த பிறகுதான் கூலியை ஒப்பிடும் முறையையே மாற்றிக்கொண்டேன். மொத்தத் தொகையை ஓரமாக வைத்துவிட்டு, இது எத்தனை மணி நேர வேலை, அந்த நேரத்துக்குள் என்னென்ன அடங்கும், ஏதாவது சரியாக அமையாவிட்டால் மறுபடி கழற்றும் கூலி யார் தலையில் விழும் என்று கேட்கத் தொடங்கினேன். இந்த மூன்றையும் வைத்துப் பார்க்கும்போது, அதிகம் போலத் தெரிந்தது சில சமயம் குறைவாகிவிடுகிறது.

வண்டியின் அமைப்பே பாதிக் கூலியைத் தீர்மானிக்கிறது

இன்று ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்சக்கரங்களில் இருப்பது மெக்ஃபெர்சன் ஸ்டிரட். ஏர்ல் மெக்ஃபெர்சன் என்ற பொறியாளர் 1940களின் பிற்பகுதியில் உருவாக்கிய அமைப்பு இது. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ஸ்டியரிங் திருப்பும்போது சக்கரம் சுழல வேண்டிய மேல்முனை ஆகிய மூன்றும் ஒரே தூணில் அடங்கிவிடுகின்றன. உற்பத்தியாளருக்கு இது சிக்கனம். மெக்கானிக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. ஸ்பிரிங்கை மட்டும் மாற்ற வேண்டுமென்றாலும் தூண் முழுவதும் வெளியே வந்தாக வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றி, பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் பிடித்திருக்கும் கிளிப்பை விடுவித்து, ஸ்டெபிலைசர் பாரோடு (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) சேர்க்கும் லிங்க் ராடைப் பிரித்து, நக்கிளோடு (சக்கரம் பொருந்தும் பாகம்) சேரும் இரண்டு போல்ட்டையும், பானட்டுக்குக் கீழே மேல் மவுண்ட்டைப் பிடித்திருக்கும் நட்டுகளையும் கழற்றினால் ஸ்டிரட் கையோடு வரும். பிறகு ஸ்பிரிங் கம்ப்ரஸரில் வைத்து ஸ்பிரிங்கை அமுக்கி, மேல் நட்டைக் கழற்றி, மவுண்ட், பேரிங், டஸ்ட் கவர், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதாக அமுங்கிவிடாமல் தடுக்கும் கட்டை) எல்லாவற்றையும் வரிசை மாறாமல் புதியதற்கு மாற்ற வேண்டும். முன்பக்கம் இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். பழக்கமான கை என்றால் இன்னும் குறையும்.

பின்பக்கம் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றைத் தண்டு) உள்ள சிறிய கார்களில் வேலை சுலபம். அங்கே ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. பீமைத் தாங்கிப் பிடித்து, ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் தானே விடுபடும். கம்ப்ரஸர் பெரும்பாலும் தேவைப்படாது. இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு மணி, ஒன்றே கால் மணி. ஒவ்வொரு சக்கரத்தையும் பல ஆர்ம்கள் பிடிக்கும் மல்டி லிங்க் பின்பக்கமோ, முன்னால் மேலும் கீழும் ஆர்ம் உள்ள டபுள் விஷ்போனோ இருந்தால் கணக்கே வேறு. நான்கு முனையும் முடிக்க ஆறு, ஏழு மணி நேரம்கூட ஆகும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில கார்களில் பின் ஷாக்கின் மேல் நட் டிக்கியின் பக்கவாட்டு டிரிம்முக்குப் பின்னாலோ பின்சீட்டுக்குப் பின்னாலோ ஒளிந்திருக்கும். அதை அவிழ்த்து மறுபடி பொருத்த மட்டும் ஒரு மணி நேரம் கூடும். ஆகவே நண்பர் தன் காருக்குக் கொடுத்த கூலியை உங்கள் காரோடு ஒப்பிடுவதில் பயனில்லை. அதே அளவு கார், அதே விலைப் பிரிவு என்றாலும் பின்பக்க அமைப்பு வேறாக இருந்தால் வேலை வேறுதான்.

துரு எல்லாக் கணக்கையும் கலைத்துவிடும். கடற்காற்றில் நின்ற வண்டியிலும், பனிக்காலத்தில் உப்புத் தூவும் சாலைகளில் ஓடிய வண்டியிலும், போல்ட் தண்டு புஷ்ஷின் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு ஒட்டிப்போயிருக்கும். பத்து நிமிடத்தில் கழல வேண்டிய போல்ட்டைச் சூடுபடுத்தி, தட்டி, கடைசியில் அறுத்தெடுக்க இரண்டு மணி நேரம் ஆகலாம். அறுத்தால் புஷ்ஷும் போகும். லிங்க் ராடின் நட்டும் இப்படித்தான்: கழற்றும்போது பால் ஜாயின்ட் சேர்ந்து சுழன்றால் அறுப்பதைத் தவிர வழியில்லை. லிங்க் ராட் விலை அதிகமில்லாத பொருள் என்பதால், பழைய வண்டிக்கு வேலைக்குப் போகும்போதே புதிய ஜோடியை வாங்கிக் கையில் வைத்திருப்பது நல்லது. வண்டியை விடுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே துரு நெகிழ்த்தும் எண்ணெயை போல்ட்டுகளில் தெளித்து வந்தாலும் உண்மையிலேயே நேரம் மிச்சமாகும்.

எந்த மேம்பாட்டுக்கு எவ்வளவு நேரம்

வண்டியைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங் மட்டும் மாற்றுவதற்கும், ஸ்பிரிங்கோடு ஷாக்கையும் சேர்த்து மாற்றுவதற்கும் கூலியில் பெரிய வித்தியாசம் இல்லை. முன்பக்கம் இரண்டுக்கும் கழற்ற வேண்டியது அதே தூண். இதைப் பலர் யோசிப்பதில்லை. ஷாக்குக்குக் காசு போதவில்லை, இப்போது ஸ்பிரிங், அடுத்த வருடம் ஷாக் என்று தள்ளிப்போடுகிறார்கள். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய ஷாக்கின் மேல், இன்னும் விறைப்பான, உயரம் குறைந்த ஸ்பிரிங்கைப் போட்டால் அந்த ஷாக் வெகுநாள் தாங்காது. வண்டி குதிக்கும், எண்ணெய் கசியும், அடுத்த வருடம் என்பது நான்கு மாதத்தில் வந்து நிற்கும்.

காயிலோவர் (ஷாக்கின் மேல் ஸ்பிரிங் கோத்து, உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய வகை) செட்டில் ஸ்பிரிங் பெரும்பாலும் முன்னமே கோத்து வரும். அதனால் கம்ப்ரஸர் வேலை மிச்சம் என்று தோன்றும். மிச்சம்தான், ஆனால் அந்த நேரத்தை உயரம் அமைப்பது எடுத்துக்கொள்ளும். நான்கு முனையையும் அளந்து, வண்டியை இறக்கி, கொஞ்சம் உருட்டி ஸ்பிரிங்கை இயல்பாக அமரவிட்டு, மறுபடி அளந்து, மறுபடி தூக்கித் திருகி என்று இரண்டு மூன்று சுற்று போக வேண்டியிருக்கும். முன்னால் ஸ்டிரட்டும் பின்னால் பீமும் உள்ள காருக்கு நான்கிலிருந்து ஐந்து மணி நேரம் நியாயமான கணக்கு. இரண்டு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், உயரம் அமைக்கும் வேலை அதில் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவர்கள் நான்கு சக்கரத்துக்கும் கீழே தராசு வைத்து எடையைச் சமன்செய்வார்கள். அது தனியாகச் சில மணி நேரம் பிடிக்கும். சாலையில் மட்டும் ஓட்டுகிறவருக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் எண்ணம்.

தடிமனான ஸ்டெபிலைசர் பாரின் கூலி மனிதர்களை ஏமாற்றும். பொருள் எளிமையானது, வளைந்த ஒரு கம்பி. பின்பக்கம் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முன்பக்கத்திலோ, பல கார்களில் அந்தக் கம்பி சப்ஃபிரேமுக்கும் (எஞ்சினுக்குக் கீழே ஆர்ம்களைத் தாங்கும் சட்டம்) ஃபயர்வாலுக்கும் (எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகடு) நடுவில் சிக்கியிருக்கும். எஞ்சினைத் தாங்கிப் பிடித்து, ஸ்டியரிங் தண்டின் இணைப்பை விடுவித்து, சப்ஃபிரேமை இறக்கினால்தான் வெளியே வரும். அது மூன்று, நான்கு மணி நேர வேலை. கம்பியின் விலையைவிடக் கூலி அதிகமாகிவிடும். உங்கள் காரில் சப்ஃபிரேம் இறக்க வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுவிட்டு வாங்குங்கள். முன்பக்கம் அவ்வளவு சிரமமென்றால், பின்பக்கப் பாரை மட்டும் மாற்றினாலே முன்சக்கர இழுவைக் கார்கள் வளைவில் நன்றாகத் திரும்பத் தொடங்கும். கூலிக்குக் கிடைக்கும் பலனில் அதுதான் முதலிடம்.

புஷ் மாற்றுவதற்கு இரண்டு வழி: புஷ்ஷை மட்டும் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளி மாற்றுவது, அல்லது புஷ்ஷும் பால் ஜாயின்ட்டும் பொருத்தியே வரும் ஆர்மை மாற்றுவது. பிரஸ் வேலை பக்கத்துக்கு ஒரு மணி நேரமாவது கூட்டும். சாதாரண ரப்பர் புஷ் போதுமென்றால் முழு ஆர்ம் வாங்குவதே பல சமயம் மலிவாக முடியும். பாலியூரித்தேன் புஷ் வேண்டுமென்றால் பிரஸ் வேலையைத் தவிர்க்க முடியாது.

காற்று சஸ்பென்ஷனோ மின்கட்டுப்பாட்டு ஷாக்கோ உள்ள வண்டியாக இருந்தால், ஸ்பேனர் வேலை முடிந்த பிறகு கணினி வேலை தொடங்கும். உயர சென்சாரைக் கருவியில் இணைத்துச் சரிசெய்ய வேண்டும். மின்கட்டுப்பாட்டு ஷாக்குக்குப் பதில் சாதாரண ஷாக் போட்டால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். அதற்கென்று தனி மாட்யூல் பொருத்த வேண்டும். இந்த வகை வண்டிகளுக்குக் குறைந்த கூலி தேடி அலைவது வீண்.

நேரத்துக்கு விலையா, வேலைக்கு விலையா

கூலி கேட்கும் முறை மூன்று. வண்டி எவ்வளவு நேரம் லிஃப்டில் நின்றதோ அதற்கான மணிக்கூலி முதல் வகை. இரண்டாவது, இந்த வேலைக்கு இத்தனை மணி நேரம் என்று அச்சிட்ட அட்டவணை நேரத்தை வைத்துக் கணக்கிடுவது. மெக்கானிக் சீக்கிரம் முடித்தாலும் தாமதித்தாலும் அட்டவணை நேரத்துக்கே கூலி. மூன்றாவது, மொத்தமாக ஒரு தொகை பேசிவிடுவது.

இவற்றில் எது மலிவு என்பதைவிட, எதிர்பாராதது நடந்தால் யார் சுமக்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். மணிக்கூலியில் துருப்பிடித்த போல்ட்டின் சுமை முழுவதும் உங்களுடையது. மொத்தத் தொகையில் அது ஒர்க்‌ஷாப்பின் சுமை. அதனால் அவர்கள் முன்கூட்டியே கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். அட்டவணை நேரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஆனால் அந்த அட்டவணை, தொழிற்சாலைப் பாகத்தைக் கழற்றி அதே போன்ற பாகத்தைப் பொருத்துவதற்காக எழுதப்பட்டது. காயிலோவரின் உயரம் அமைப்பதோ, புதிய பிராக்கெட் வளைப்பதோ அதில் இருக்காது. மேம்பாட்டு வேலைக்கு அட்டவணை நேரம் மட்டும் சொல்கிறவர், கடைசியில் கூடுதல் நேரம் என்று இன்னொரு வரி சேர்க்கக்கூடும். மூன்று நான்கு வருடத்துக்குள்ளான, அடிப்பாகம் சுத்தமான வண்டிக்கு மணிக்கூலியே லாபம். பத்து வருட வண்டிக்கு மொத்தத் தொகை பேசிக்கொள்வதுதான் நிம்மதி. போல்ட் உடைந்தால் அந்தத் தொகைக்குள்ளேயே எடுத்துத் தருவார்களா என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

எங்கே விடுவது

நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் மணிக்கூலி அதிகம். அதோடு, தொழிற்சாலைப் பாகம் அல்லாததைப் பொருத்தப் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். அவர்களிடம் எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற முறுக்கு அளவுகளும், ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய போல்ட்டுகளின் பட்டியலும், கணினி அளவீட்டுக் கருவிகளும் இருக்கும். அதே நிறுவனம் விற்கும் ஸ்போர்ட் ஸ்பிரிங் போன்றவற்றுக்கு அங்கே போகலாம். வாரன்ட்டி முடியாத வண்டிக்கும் அதுவே பாதுகாப்பு.

பக்கத்தில் இருக்கும் பொது ஒர்க்‌ஷாப் தினமும் ஸ்டிரட் மாற்றுகிறது. சாதாரண ஷாக், ஸ்பிரிங் என்றால் அவர்களே போதும். கை தேர்ந்தவர்கள், கூலியும் நியாயம். காயிலோவர் என்றால் நான் தயங்குவேன். உயரம் அமைப்பது, பிரீலோடை (ஸ்பிரிங்குக்கு முன்பே கொடுத்திருக்கும் அமுக்கத்தை) மாற்றாமல் கீழ் பாடியைத் திருகுவது, பூட்டு வளையங்களைச் சரியாக இறுக்குவது எல்லாம் செய்து செய்து வர வேண்டிய பழக்கம். சஸ்பென்ஷன் மட்டுமே செய்கிற இடத்தில் மணிக்கூலி முப்பது, நாற்பது சதவீதம் கூடுதலாக இருந்தாலும், அவர்கள் ஐந்து மணி நேரத்தில் முடிக்கும் வேலை மற்ற இடத்தில் ஏழு மணி நேரம் இழுத்தால் கணக்கு சமமாகிவிடும். அலைன்மென்ட் மேடையும் அதே கூரைக்கடியில் இருந்தால் இன்னும் நல்லது. உயரத்தில் ஏதாவது பிசகினால் மேடையிலேயே தெரிந்துவிடும், அங்கேயே திருத்துவார்கள். வேலை ஓரிடம், அலைன்மென்ட் வேறிடம் என்றால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவார். நடுவில் நாம் நிற்போம்.

டயர் கடைகளும் ஷாக் மாற்றித் தருகின்றன. பின்பக்க ஷாக்குக்கு அங்கே போவதில் தவறில்லை. வீட்டு வாசலுக்கு வந்து வேலை செய்யும் மெக்கானிக்குக்கும் அதையேதான் சொல்வேன். அலைன்மென்ட் மேடை அவரோடு வராது என்பதை மறக்க வேண்டாம்.

எந்த இடமானாலும் நான் பார்ப்பது மூன்று விஷயம். ஸ்பிரிங் கம்ப்ரஸர் தரையிலோ சுவரிலோ பொருத்திய உறுதியான வகையா? மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங்கை 100 மில்லிமீட்டர் அமுக்கினால் 2,500 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 250 கிலோ எடை அழுத்துவது போன்ற விசை அதில் அடைந்து நிற்கிறது. ஆடிப்போன கொக்கியை நம்பி அதன் முன் நிற்பது உயிரோடு விளையாடுவது. அடுத்து, மேல் நட்டை இறுக்கும்போது ஷாக்கின் தண்டைச் சாவியால் பிடித்துக்கொள்கிறார்களா, இல்லை ஏர் கன்னை வைத்துச் சுழற்றுகிறார்களா? தண்டு சேர்ந்து சுழன்றால் புதிய ஷாக்கின் உட்பகுதியே சேதமாகலாம். மூன்றாவது, குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் டார்க் ரென்ச். அது சுவரில் தூசி படிந்து தொங்கினால் திரும்பி வந்துவிடுவேன்.

பொருளை நாமே வாங்கிக் கொடுத்தால்

இணையத்தில் வாங்கினால் பொருள் விலை குறைகிறது. ஒர்க்‌ஷாப்புக்குப் பொருளில் வரும் லாபம் போய்விடுகிறது. அதைக் கூலியில் ஏற்றிக் கேட்பது அவர்கள் பக்கத்து நியாயம். இதில் பேரம் பேசி என்ன பயன்? பெரிய வித்தியாசம் உத்தரவாதத்தில்தான் இருக்கிறது. நீங்கள் கொடுத்த ஷாக் மூன்று மாதத்தில் கசிந்தால், விற்றவர் புதிய ஷாக் அனுப்புவார். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டும் கூலியையும், மறுபடி செய்யும் அலைன்மென்ட்டையும் யாரும் தரமாட்டார்கள். ஒர்க்‌ஷாப்பே பொருளையும் கொடுத்துப் பொருத்தினால், நல்ல இடங்களில் இரண்டையும் சேர்த்தே பொறுப்பேற்பார்கள். பொருளில் மிச்சமாகும் தொகை, ஒருமுறை கழற்றிப் பூட்டும் கூலியைவிடக் குறைவாக இருந்தால் அவர்களிடமே வாங்கிவிடுங்கள். அதிகமாக இருந்தால் வெளியே வாங்கலாம். பெட்டியைப் பிரித்து, இடது வலது சரியா, மேல் மவுண்ட் பொருந்துமா, நட்டுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று வண்டியை விடுவதற்கு முந்தைய நாளே சரிபார்த்துவிடுங்கள். லிஃப்டில் சக்கரமில்லாமல் நிற்கும் வண்டிக்குத் தவறான பாகம் வந்தால் அந்த நாள் வாடகையும் நம் கணக்கில்தான் சேரும்.

பாதி வேலையை நாமே செய்வது

ஜாக் ஸ்டாண்டும் நல்ல ஸ்பேனர் செட்டும் உள்ளவருக்கு இது அருமையான வழி. ஸ்டிரட்டை வீட்டில் கழற்றி எடுத்துப்போய், ஸ்பிரிங் மாற்றித் தரும்படி மட்டும் ஒர்க்‌ஷாப்பில் கேட்கலாம். மேசை வேலை என்பதால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரக் கூலிகூட ஆகாது. ஆபத்தான பகுதி சரியான கம்ப்ரஸர் உள்ளவர் கையில் முடிந்துவிடும். வீட்டுக்கு வந்து பூட்டி, அலைன்மென்ட்டுக்கு மெல்ல ஓட்டிப் போகலாம். ஸ்பிரிங், மவுண்ட், ஷாக் மூன்றும் கோத்தே வரும் முழு ஸ்டிரட் கிடைக்கிற வண்டியாக இருந்தால் அந்த ஒரு மணி நேரமும் மிச்சம். ஆனால் அப்படி வருபவை பெரும்பாலும் தொழிற்சாலை அளவில் இருக்கும். தேய்ந்ததைப் புதுப்பிக்க ஏற்றவை, மேம்பாட்டுக்கு ஏற்றவை குறைவு.

கருவிகள் எதுவும் இல்லாதவர், கூலி மிச்சம் என்பதற்காக மட்டும் இதில் இறங்க வேண்டாம். டார்க் ரென்ச், ஜாக் ஸ்டாண்ட், பெரிய சாக்கெட்டுகள் எல்லாம் வாங்கும் செலவு முதல் தடவைக் கூலியை விழுங்கிவிடும்.

ஒரே தடவையா, தவணை தவணையாகவா

என் அனுபவத்தில் கூலியில் அதிகப் பணம் வீணாவது இங்கேதான். ஸ்டிரட் அமைப்புள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். முதலில் ஷாக் மட்டும்: முன்பக்கம் இரண்டரை மணி, பின்பக்கம் ஒரு மணி, அலைன்மென்ட் ஒரு மணி, மொத்தம் நாலரை. ஆறு மாதம் கழித்து ஸ்பிரிங்: அதே நாலரை. பிறகு ஸ்டியரிங் திருப்பும்போது முன்னால் கடகடவென்று சத்தம். மேல் மவுண்ட்டின் பேரிங் போய்விட்டது. மறுபடி முன்பக்கம் இரண்டரை, அலைன்மென்ட் ஒன்று, ஆக மூன்றரை. மூன்றும் சேர்ந்து பன்னிரண்டரை மணி நேரக் கூலி. இதே மூன்றையும் ஒரே நாளில் செய்திருந்தால் ஐந்து மணி நேரத்தில் முடிந்திருக்கும். ஏழரை மணி நேரம் என்பது பல வண்டிகளுக்கு நல்ல ஷாக் ஒரு ஜோடியின் விலை.

லோயர் ஆர்மும் இப்படித்தான். தனியாக மாற்றினால் அலைன்மென்ட்டோடு மூன்றரை மணி நேரம். ஸ்டிரட் வெளியே இருக்கும்போது கூடவே மாற்றினால் கூடுவது ஒன்றரை மணி நேரம்தான். காசு போதவில்லை என்றால் தவணையாகச் செய்வதைவிட, மூன்று மாதம் பொறுத்து, எல்லாம் வாங்கி முடித்து, ஒரே தடவையாகச் செய்வதையே சொல்வேன். பழைய ஷாக் பிடிப்பே இல்லாமல் போய், ஓட்டுவதே ஆபத்தாக இருந்தால் மட்டும் இது பொருந்தாது. அப்போது உடனே மாற்றுங்கள். ஆனால் மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் நான்கையும் விட்டுவிடாதீர்கள். விலை சிறியது, அவற்றைத் தொடக் கொடுக்க வேண்டிய கூலி பெரியது.

மலிவுக் கூலியில் காணாமல் போகும் வேலைகள்

இப்போது என் வண்டியின் புஷ் கதைக்கு வருகிறேன். ரப்பர் புஷ்ஷில் உள்குழாயும் வெளிக்குழாயும் ரப்பரோடு ஒட்டியே வார்க்கப்பட்டிருக்கும். போல்ட்டை இறுக்கினால் உள்குழாய் சப்ஃபிரேமோடு இறுகிக்கொள்ளும். ஆர்ம் மேலும் கீழும் அசையும்போது நடுவில் இருக்கும் ரப்பர் முறுகி மீளும். வண்டி லிஃப்டில் தொங்கும்போது ஆர்ம் கீழே சாய்ந்திருக்கும். அந்த நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டு வண்டியைத் தரையில் இறக்கினால், சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்கேறி நிற்கும். ஒவ்வொரு பள்ளமும் அந்த முறுக்கை இன்னும் கூட்டும். சில மாதத்தில் கிழிந்துவிடும். செய்ய வேண்டியது இதுதான்: தொங்கும்போது போல்ட்டை லேசாகப் பிடிக்கவிட்டு, சக்கரம் எடை தாங்கும் உயரத்துக்கு வந்த பிறகு கடைசி இறுக்கம் கொடுப்பது. அதற்கு அரைமணி நேரம் கூடுதல். வண்டியின் உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங் போட்டால், கழற்றாத ஆர்ம் போல்ட்டுகளையும் தளர்த்திப் புதிய உயரத்தில் மறுபடி இறுக்க வேண்டும். என் வண்டியில் அந்த அரைமணி நேரத்தைத்தான் மிச்சம் பிடித்திருந்தார்கள். அங்கே ஒட்டாமல் சுழலும் பாலியூரித்தேன் புஷ் இருந்திருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது.

அலைன்மென்ட்டை விட்டுவிட்டுக் கூலி சொல்வது அடுத்த வகை. ஸ்டிரட்டை நக்கிளிலிருந்து பிரித்தாலே காம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) அசைந்துவிடும். உயரம் குறைந்தால் காம்பரும் டோவும் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) இரண்டுமே மாறும். இரண்டில் டயரைச் சீக்கிரம் தின்பது டோதான். ஒரு சக்கரம் தான் போகும் திசையிலிருந்து அரை டிகிரி திரும்பியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 9 மீட்டர் பக்கவாட்டில் உரசிக்கொண்டே போகிறது என்று பொருள். புதிய டயரின் உட்புறம் சில ஆயிரம் கிலோமீட்டரில் மொட்டையாவது இதனால்தான். முன்பக்கம் மட்டும் பார்ப்பது போதாது, நான்கு சக்கர அலைன்மென்ட் வேண்டும். உங்கள் காரில் பின்பக்கக் காம்பரைத் திருத்த வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் உயரத்தை அதிகம் குறைக்கும்போது சரிசெய்யக்கூடிய ஆர்மோ தனி போல்ட்டோ தேவைப்படும். அதற்கும் கூலி உண்டு. புதிய ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் சில மில்லிமீட்டர் தாழும். அதன்பின் ஒருமுறை அளந்து பார்ப்பதையும் கூலிக்குள் பேசிவிடுகிற ஒர்க்‌ஷாப்பை நான் நம்புவேன்.

தானாக உயரம் திருத்தும் ஹெட்லைட் உள்ள காரில், அந்தச் சென்சாரின் கம்பி சஸ்பென்ஷன் ஆர்மோடு கோத்திருக்கும். உயரம் குறைந்த பிறகு அதைச் சரிசெய்யாவிட்டால் வெளிச்சம் தவறான இடத்தில் விழும். நமக்குச் சாலை தெரியாது, அல்லது எதிரே வருகிறவர் கண் கூசும். சாலையில் போட்டிருக்கும் தடக்கோட்டைப் பார்த்து வண்டியை நேராகப் பிடிக்கும் கேமராவும், முன்னால் போகும் வண்டியின் தூரத்தை அளக்கும் ரேடாரும் உள்ள கார்களில், உயரமோ அலைன்மென்ட்டோ மாறிய பிறகு அவற்றை மறுபடி அளவீடு செய்ய உற்பத்தியாளர்கள் கேட்பதுண்டு. இதைச் சொல்லாமல் கூலி குறைவு என்று காட்டுகிறவரை விட, முதலிலேயே சொல்லிப் பட்டியலில் சேர்க்கிறவர் மேல்.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

வாரன்ட்டியிலுள்ள, கேமரா, ரேடார் எல்லாம் உள்ள புதிய கார் என்றால், கூலி அதிகமானாலும் சர்வீஸ் சென்டர், அல்லது அந்த அளவீட்டுக் கருவிகள் வைத்திருக்கும் சஸ்பென்ஷன் ஒர்க்‌ஷாப். பத்து வருட சிறிய கார், நல்ல ஷாக்கும் சற்றே விறைப்பான ஸ்பிரிங்கும் மட்டும் என்றால், மொத்தத் தொகை பேசிப் பொது ஒர்க்‌ஷாப். லிங்க் ராடும் மேல் மவுண்ட்டும் கையோடு வாங்கிப் போவேன். காயிலோவர் என்றால் யோசனையே வேண்டாம், சஸ்பென்ஷன் மட்டுமே செய்கிற இடம்தான். காயிலோவரை மலிவாகப் பொருத்துவதைவிடப் போடாமல் இருப்பது நல்லது என்று முழு மனதோடு சொல்கிறேன். நேரமும் கருவியும் உள்ளவருக்கு, ஸ்டிரட்டைக் கழற்றி எடுத்துப்போகும் வழி.

தொலைபேசியில் விசாரிக்கும்போது கடைசியாக ஒரு கேள்வி கேட்பேன்: "லோயர் ஆர்ம் போல்ட்டுக்குக் கடைசி இறுக்கம் எந்த நிலையில் கொடுப்பீர்கள்?" தரையில் இறக்கிய பிறகு என்றோ, ஆர்மை ஜாக்கில் உயர்த்தி வைத்து என்றோ தயங்காமல் பதில் வந்தால், அவர் சொல்லும் கூலிக்கு ஒப்புக்கொண்டு நாள் குறித்துவிடுவேன்.